பிரஷ்யப் படைப் புத்தகம் ஒன்று கையில் இருக்கிறது, கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்க உதவுங்கள்

மில்வாக்கி மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இப்போது கேட்பதற்கு ஒன்று வந்துவிட்டது. நான் விஸ்கான்சினில் வாழ்க்கைப்பட்டவள், கணவர் வீட்டார் ஜெர்மன் வழி வந்தவர்கள். மாமியாருக்கு 82 வயது. நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் அது பழகிவிட்டது. போன மாதம் பெரிய வீட்டைக் காலி செய்யும்போது ஒரு பழைய பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்து, "இதற்குள் என் கொள்ளுத்தாத்தா இருக்கிறார், அவர் எந்த ஊர்க்காரர் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

டின்னுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் புத்தகம். மேலே பழைய ஜெர்மன் அச்செழுத்தில் மிலிடேர்பாஸ், அதாவது படைச் சேவைப் புத்தகம், என்று போட்டிருக்கிறது. உள்ளே அச்சடித்த கட்டங்கள், கட்டங்களுக்குள் மங்கின பழுப்பு மையில் கையெழுத்து, கடைசிப் பக்கங்களில் வரிசையாக முத்திரைகள். பிறந்த வருடம் 1856 என்பது தெளிவாகத் தெரிகிறது. ஊர்ப் பெயரை நான் "மாஃபோ" என்று படித்தேன், அதற்குக் கீழே "நங்கார்ட்". இணையத்தில் எங்கே தேடியும் அப்படி ஊரே இல்லை. அந்தப் பக்கத்தின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன்.

குடும்பத்தில் சொல்கிற கதை இது: கொள்ளுத்தாத்தா கைசரின், அதாவது ஜெர்மன் பேரரசரின், படையிலிருந்து இரவோடு இரவாகத் தப்பி அமெரிக்காவுக்கு ஓடி வந்தவர். கணவரின் பெரியப்பா மகன் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், அவர் பிரான்ஸோடு நடந்த போரில் சண்டை போட்டவர் என்கிறார். இதில் எதை நம்புவது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. யாராவது வழி காட்டுங்கள்.

பழங்காகிதம்

நல்ல பொருள் கைக்கு வந்திருக்கிறது. முதலில் ஒரு வேண்டுகோள்: கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, படம் எடுத்துவிட்டு அமிலம் இல்லாத காகித உறையில் போட்டுவிடுங்கள். பிறகு படிப்பதெல்லாம் படத்தில்தான்.

அந்தக் கையெழுத்துக்குப் பெயர் குரென்ட். பலர் இதைச் சூட்டர்லின் என்று சொல்லித் தேடிப் போய் வேறு எழுத்தட்டவணையை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். சூட்டர்லின் 1915-ல்தான் பிரஷ்யப் பள்ளிகளுக்கு வந்தது, உங்கள் புத்தகம் அதற்கு ஒரு தலைமுறை முந்தியது. குரென்டில் "என்" என்ற எழுத்தும் "யூ" என்ற எழுத்தும் அச்சாக ஒரே மாதிரி இரண்டு சாய்கோடுகள்தான். யூ-வுக்கு மட்டும் தலைக்கு மேல் ஒரு சின்னக் கொக்கி போடுவார்கள். உங்கள் படத்தை நானும் பெரிதாக்கிப் பார்த்தேன், "நங்கார்ட்" என்று நீங்கள் படித்த சொல்லில் மூன்றாவது எழுத்தின் மேல் அந்தக் கொக்கி இருக்கிறது, மை மங்கியதால் தூசி மாதிரித் தெரிகிறது. ஆக அது நௌகார்ட். பொமெரேனியா என்ற பிரஷ்ய மாகாணத்தில் அது ஒரு கிரைஸ், அதாவது நம் ஊர்த் தாலுகா மாதிரி.

அடுத்தது "மாஃபோ". நடுவில் இருக்கிற இரண்டு நீள எழுத்தையும் எஃப் என்று எடுத்துக்கொண்டீர்கள். எஃப் என்றால் இடுப்பில் ஒரு சுழி குறுக்கே போகும். இங்கே சுழி இல்லை, நேராகக் கீழே இறங்குகிறது, அப்படியானால் அது நீள எஸ், இரண்டு எஸ். ஊர் மாஸோ.

மில்வாக்கி மருமகள்

அண்ணா, கை நடுங்குகிறது எனக்கு. மாஸோ என்று தேடினால் உடனே வருகிறது, ஆனால் ஒன்று இல்லை, நான்கு வருகிறது.

பழங்காகிதம்

ஆமாம், நான்கும் உண்மைதான். பொமெரேனியாவிலேயே நௌகார்ட் கிரைஸில் ஒன்று, கிழக்கே லாவன்பர்க் கிரைஸில் ஒன்று, மெக்லென்பர்கில் ஒன்று, பெர்லினுக்குத் தெற்கே பிராண்டன்பர்கில் ஒன்று. ஊர்ப் பெயர் மட்டும் கிடைத்தவர்கள் தவறான ஊரின் தேவாலயப் பதிவேட்டில் வருடக்கணக்காகத் தேடுவது இதனால்தான். உங்களுக்கு அந்த வேலையைப் படைப் புத்தகமே மிச்சப்படுத்திவிட்டது, ஊருக்குக் கீழே கிரைஸையும் எழுதச் சொல்லி அதில் தனிக் கட்டம் இருக்கிறது. மேயர்ஸ் கெசட்டியர் இணையத்தில் இலவசம், 1912-ல் வந்த ஊர் அகராதி அது. அதில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த ஊர் போலந்தில் இருக்கிறது, பெயர் மஷேவோ. நௌகார்ட் இப்போது நோவோகார்ட்.

கரூர்க்காரன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உற்சாகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, ஆனால் நான் இதே பாதையில் போய் நொந்தவன் என்பதால் சொல்கிறேன். பிரஷ்யப் படையின் ஆவணக் காப்பகம் போட்ஸ்டாமில் இருந்தது, 1945 ஏப்ரல் 14 இரவு குண்டுவீச்சில் போய்விட்டது. பவேரியா என்றால் மூனிக்கில் இருக்கிறது, வூர்ட்டம்பர்க் என்றால் ஸ்டுட்கார்ட், பாடன் என்றால் கார்ல்ஸ்ரூஹே, சாக்சனி என்றால் டிரெஸ்டன். பிரஷ்யா என்றால் சாதாரணச் சிப்பாயின் பதிவு கிடைப்பது மிக மிக அரிது. படைப்பிரிவு எண்ணை வைத்துக்கொண்டு நான் மூன்று வருடம் கடிதம் எழுதினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. தங்கச்சி அந்த வழியில் பணத்தையும் நாளையும் போட வேண்டாம்.

ரெஜிமென்ட் 26

கரூர்க்காரர் சொன்ன செய்தி சரி, அதிலிருந்து வந்த முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. எரிந்தது படை வைத்திருந்த பிரதி. சிப்பாய் கையில் கொடுத்தனுப்பிய பிரதி எரியவில்லை, அது பிஸ்கட் டின்னில் இருக்கிறது. தேவாலயப் பதிவும் ஊர்ப் பதிவும் கப்பல் பட்டியலும் போட்ஸ்டாமில் இருந்தவை அல்ல. படை ஆவணத்தைப் போர்க் கதைக்காகத் தேடுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பது என் அனுபவம். அதைப் பிறந்த ஊருக்காகப் படியுங்கள், மனைவி பெயருக்காகப் படியுங்கள், யார் யாருக்குச் சாட்சி சொன்னார்கள் என்று படியுங்கள்.

என் மருமகன் குடும்பத்துக் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மூதாதை 1850-களில் வந்தவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட தரப்பின் 26-வது விஸ்கான்சின் காலாட்படையில் சேர்ந்தார். 1862 செப்டம்பரில் மில்வாக்கியில் திரட்டிய படை, ஏறக்குறைய முழுக்க ஜெர்மானியர்கள். 1863 மே 2 மாலை சான்ஸலர்ஸ்வில்லில் தென் தரப்புத் தளபதி ஜாக்சனின் படை காட்டுக்குள்ளிருந்து பக்கவாட்டில் வந்து விழுந்தபோது அந்தப் பக்கம் நின்றவர்களில் இவர்களும் உண்டு. சில நாளிலேயே பத்திரிகைகள் "ஜெர்மன்காரர்கள் ஓடிவிட்டார்கள்" என்று எழுதின. நின்று சுட்டுச் செத்தவர்களைப் பற்றி அப்படி எழுதியது பெரிய அநியாயம், அந்தப் பழி அந்தச் சமூகத்தை வெகுகாலம் துரத்தியது. இவருக்குத் தோளில் குண்டுக்காயம்.

குடும்பத்தில் யாருக்கும் அவர் ஊர் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கில் ஒரு முறை பிரஷ்யா, ஒரு முறை ஜெர்மனி, அவ்வளவுதான். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு விதமாகக் கிடைக்கும்: ஒன்று சேவைப் பதிவு, எப்போது சேர்ந்தார், எந்த மாதம் ஆஜர், எப்போது மருத்துவமனை என்று சுருக்கமாக இருக்கும், பலரும் அதை வாங்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னொன்று ஓய்வூதியக் கோப்பு. தங்கம் அங்கேதான். இவர் இறந்தபின் மனைவி விதவை ஓய்வூதியம் கேட்டார், கல்யாணத்தை நிரூபி என்றது அரசு. கல்யாணம் நடந்தது ஜெர்மனியில். அந்த அம்மா சொந்த ஊர்ப் பாதிரியாருக்கு எழுதி, பதிவேட்டிலிருந்து முத்திரையோடு ஒரு நகல் வாங்கி அனுப்பியிருக்கிறார். ஊர், தேதி, இரு பக்கத்து அப்பா அம்மா பெயர், எல்லாம் அந்த ஒரு தாளில். அதோடு 1898-ல் ஓய்வூதியம் வாங்குவோர் எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்கள், மனைவியின் கன்னிப்பெயர், எங்கே எப்போது மணம், பிள்ளைகளின் பிறந்த தேதி என்று. அதை அவரே நடுங்கும் கையால் நிரப்பியிருக்கிறார். ஏழு பிள்ளைகள் என்று நாங்கள் நினைத்திருந்தோம், அவர் எட்டு எழுதியிருந்தார், எட்டாவதுக்கு எதிரே பிறந்த தேதியும் இறந்த தேதியும்.

தென் தரப்பில் போரிட்டவர் என்றால் வாஷிங்டனில் ஓய்வூதியக் கோப்பு இருக்காது, அந்தந்த மாநிலத்தில் கேட்க வேண்டும். வட தரப்பு என்றால் ஓய்வூதிய அட்டவணை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 1890 கணக்கெடுப்பு தீயில் போனாலும் அதோடு எடுத்த முன்னாள் படையினர் பட்டியல் விஸ்கான்சினுக்குப் பிழைத்திருக்கிறது, அதையும் பாருங்கள். மருமகள், உங்கள் கொள்ளுத்தாத்தா அந்தப் போருக்கு வெகு பின்னால் வந்தவர், சரிதான். ஆனால் அவர் ஏன் விஸ்கான்சினுக்கு வந்தார்? முன்னால் வந்த மாமனோ சித்தப்பனோ யாரோ இருந்திருப்பார். அவரைத் தேடினால் அவர் பெயரில் ஒரு கோப்பு இருக்கலாம்.

கரூர்க்காரன்

ஐயா சொல்வது நியாயம். நான் படையிடம் கேட்டேன், ஊரிடம் கேட்கவில்லை. எனக்கும் இது உறைக்கிறது.

ஹாம்பர்க் வாசி

தாமதமாகப் பார்த்தேன். மருமகள், அந்தக் கடைசிப் பக்க முத்திரைகளை யாரும் தொடவில்லையே, எனக்கு அவைதான் முக்கியம். மூன்று வருடம் படையில் இருந்துவிட்டு வெளியே வந்தவரைப் பிரஷ்யா அப்படியே விட்டுவிடாது. நான்கு வருடம் ரிசர்வ், அதற்குப் பின் லாண்ட்வேர் என்ற இரண்டாம் நிலைப் படை. ரிசர்வ் காலம் முழுக்க வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஆஜர் எடுக்கும் கூட்டத்துக்குப் போக வேண்டும். போனதற்கான குறிப்புதான் அந்த முத்திரைகள். கடைசி முத்திரை எந்தத் தேதி, அதற்கு அடுத்து வந்திருக்க வேண்டியது எது என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் மனிதர் கப்பல் ஏறியிருக்கிறார்.

மில்வாக்கி மருமகள்

எடுத்துப் பார்த்தேன். 1876 நவம்பரில் சேர்ந்திருக்கிறார், ஸ்டெட்டினில் இருந்த 2-வது கிரெனடியர் ரெஜிமென்ட். 1879 செப்டம்பரில் ரிசர்வுக்கு விடுவித்திருக்கிறார்கள். நடத்தை என்ற கட்டத்தில் "நன்று" என்று எழுதியிருக்கிறது. முத்திரைகள் 1880-ல் இரண்டு, 1881-ல் இரண்டு. கடைசியது 1881 நவம்பர். 1882 வசந்தம் வெறுமையாக இருக்கிறது.

அப்படியானால் அவர் படையிலிருந்து ஓடவே இல்லையே! மூன்று வருடமும் முடித்திருக்கிறார். பிரான்ஸ் போர் 1870-71, அப்போது இவருக்கு 14 வயது. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன், அந்தக் கதையை அவர் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்ந்தவர்.

ஹாம்பர்க் வாசி

அருமை. 1881 நவம்பர் முதல் 1882 ஏப்ரல் வரை, ஐந்தாறு மாதம்தான் தேட வேண்டியது. 1882-ல் மட்டும் ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஜெர்மானியர்கள் அமெரிக்காவில் இறங்கினார்கள், அவ்வளவு பேர் போன வருடம் அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை, அதனால் இப்படிக் காலத்தைக் குறுக்கிக்கொள்வது பெரிய உதவி.

பிரெமன் வழியாகப் போயிருந்தால் கஷ்டம், அந்தப் பழைய பட்டியல்களை இடம் இல்லை என்று அவர்களே அழித்துவிட்டார்கள். ஹாம்பர்க் பட்டியல் 1850-லிருந்து இருக்கிறது, கடைசியாக வசித்த ஊரையும் போட்டிருப்பார்கள். ஒரு விஷயம் மறந்துவிடாதீர்கள். நேரடிப் பட்டியல் என்று ஒன்று, மறைமுகப் பட்டியல் என்று ஒன்று. மலிவு டிக்கெட் வாங்கியவர்கள் ஹாம்பர்கிலிருந்து இங்கிலாந்தில் ஹல் துறைமுகம், அங்கிருந்து ரயிலில் லிவர்பூல், அங்கிருந்து வேறு கப்பலில் நியூயார்க் என்று போனார்கள். இவர்கள் பெயர் மறைமுகப் பட்டியலில்தான் இருக்கும், அதுவும் ஹல் வரை போன கப்பலின் பெயரோடு. நேரடியில் இல்லை என்றதும் பலர் கையை விரித்துவிடுகிறார்கள்.

மில்வாக்கி மருமகள்

கிடைத்துவிட்டார்! மறைமுகப் பட்டியல்தான், 1882 மார்ச். நேற்று இரவு பிள்ளைகள் தூங்கியபின் உட்கார்ந்தேன், ஒன்றரை மணிக்குக் கிடைத்தது. குடும்பப் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் வயது 25, ஊர் மாஸோ, கூட மனைவி, கூட ஒன்பது மாதக் கைக்குழந்தை. அந்தக் குழந்தைதான் அத்தையின் தாத்தா. அத்தைக்கு அவரை நன்றாக நினைவிருக்கிறது, மடியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டிருக்கிறார். ஹாம்பர்க் எழுத்தர் ஒருவர் கைக்குழந்தை என்று எழுதிய அதே ஆள்.

இரவோடு இரவாக ஓடினவர் மனைவியையும் குழந்தையையும் மூட்டை முடிச்சையும் கூட்டிக்கொண்டா ஓடுவார்?

பழங்காகிதம்

கொஞ்சம் பொறுங்கள், கதையை முழுசாகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படையிலிருந்து ஓடவில்லை, சரி. ஆனால் ரிசர்வில் இருப்பவர் அனுமதி இல்லாமல் குடிபெயர்ந்தால் அன்றைய ஜெர்மன் தண்டனைச் சட்டத்தில் குற்றம், 360-வது பிரிவு, 150 மார்க் வரை அபராதம் அல்லது காவல். அப்படிப் போனவர்களை ஆஜராகச் சொல்லி அரசிதழிலும் செய்தித்தாளிலும் பெயர், ஊர், கடைசி முகவரியோடு அறிவிப்புப் போடுவார்கள். ஸ்டெட்டின் மாவட்ட அரசிதழில் 1882, 1883 இரண்டு வருடத்தையும் பாருங்கள். அதில் அவர் பெயர் இருந்தால், "தப்பி வந்தார்" என்று குடும்பம் சொன்னதில் ஒரு பிடி உண்மை இருக்கிறது. முறையாக அனுமதி வாங்கியிருந்தால் விடுவிப்புச் சான்று ஒன்று கொடுத்திருப்பார்கள். டின்னில் அப்படி ஏதும் இருக்கிறதா?

மில்வாக்கி மருமகள்

இல்லை அண்ணா. டின்னில் படைப் புத்தகமும் ஒரு முடிச்சுப் போட்ட ரிப்பனும் மட்டும்தான்.

ரெஜிமென்ட் 26

அந்தக் கைக்குழந்தை 1881-ல் பிறந்தவர் என்றால் 1918 செப்டம்பர் 12 பதிவுக்கு வந்திருக்க வேண்டும். முதல் உலகப்போருக்கு அமெரிக்கா எடுத்த மூன்றாவது ஆள்பதிவு அது, 18-லிருந்து 45 வயது வரை, முன்பே பதியாத ஆண்கள் எல்லோரும். அட்டையைத் தேடி எடுங்கள். அந்த மூன்றாவது அட்டையில் பிறந்த இடம் கேட்கவில்லை, அதனால் பலர் ஒதுக்கிவிடுவார்கள், ஆனால் குடியுரிமைக் கட்டங்களைப் பாருங்கள். ஜெர்மனியில் பிறந்து குடியுரிமை வாங்காதவரை அன்று எதிரி நாட்டவர் என்று வைத்துக் கைரேகை எடுத்துப் பதிவு செய்தார்கள். அத்தையின் தாத்தா அன்று எந்தக் கட்டத்தில் இருந்தார் என்பது அந்தக் குடும்பத்துக்கு வாழ்வா சாவா என்கிற மாதிரி.

மில்வாக்கி மருமகள்

ஐயா, கிடைத்தது. "தான் வயதுக்கு வருமுன் தந்தை பெற்ற குடியுரிமை" என்கிற கட்டத்தில் குறி. உயரம் நடுத்தரம், கண் நீலம், வேலை பால்பண்ணை. கீழே அவருடைய கையெழுத்து.

ரெஜிமென்ட் 26

பார்த்தீர்களா, ஒரு குறி எவ்வளவு சொல்கிறது. கொள்ளுத்தாத்தா 1902-க்கு முன்பே குடியுரிமை வாங்கிவிட்டார். 1906 செப்டம்பருக்கு முன் எந்த நீதிமன்றத்திலும் வாங்கலாம், ஆகவே கூட்டாட்சி நீதிமன்றம் என்று போகாமல் அவர் இருந்த கவுண்டி நீதிமன்றப் பதிவைப் பாருங்கள். அந்தக் காலத்துத் தாளில் ஊர் இருக்காது, ஜெர்மன் பேரரசர் மீதான விசுவாசத்தைத் துறக்கிறேன் என்று மட்டும் இருக்கும். ஆனால் சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள் யார் என்று கவனியுங்கள், மாஸோக்காரன் ஒருவன் அதில் இருந்தாலும் இருப்பான்.

ஹாம்பர்க் வாசி

பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவு. இவர் படையிலிருந்து வெளியே வந்தது 1879, குழந்தை 1881. கல்யாணம் நடுவில். மாஸோ பதிவகத்தின் ஏடுகளை போலந்து அரசு ஆவணக் காப்பகத் தளத்தில் தேடுங்கள், ஷ்செச்சின் கிளை, அதாவது பழைய ஸ்டெட்டின். போலிஷ் பெயர் மஷேவோ என்று போட்டால்தான் வரும். கட்டணம் இல்லை.

மில்வாக்கி மருமகள்

ஒரு வாரமாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். ஒவ்வொரு படமாகத் திருப்பிக்கொண்டே போனேன். 1880 அக்டோபர். கல்யாணப் பதிவு இரண்டு பக்கம், அச்சடித்த படிவத்தில் குரென்ட் கையெழுத்து. அவர் பெயர், பிறந்த தேதி படைப் புத்தகத்தில் உள்ள அதே தேதி, மதம் எவாஞ்சலிக்கல், அதாவது புராட்டஸ்டண்ட். இரண்டு பக்கத்து அப்பா அம்மா பெயரும் இருக்கிறது. கடைசியில், "வாசித்துக் காட்டி, ஒப்புக்கொண்டு, கையெழுத்திட்டார்கள்" என்று அச்சில் இருக்கிறது. அதற்குக் கீழே அவர் கையெழுத்து. மனைவி கையெழுத்து அதற்கும் கீழே, பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

அச்செடுத்து அத்தையிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். 1918 அட்டையையும் பக்கத்தில் வைத்தேன், அப்பா கையெழுத்தில் முதல் எழுத்துக்கு ஒரு வளையம் இடது பக்கமாகப் போய்த் திரும்பும், மகன் கையெழுத்திலும் அதே வளையம். தன் அப்பாவும் அப்படித்தான் போடுவார் என்றார். ஓடிவந்த கதையைப் பற்றிச் சொன்னேன். "நடத்தை நன்று என்றா போட்டிருக்கிறது?" என்று இரண்டு முறை கேட்டார். அரசிதழ் இன்னும் பார்க்கவில்லை, பார்ப்பேன்.

ஒரே ஒரு சொல் மட்டும் படிக்க முடியவில்லை, மணமகனின் அப்பா என்ன தொழில் என்ற இடம். பி-யில் ஆரம்பிக்கிறது. விவசாயி என்கிற பௌவர் என்று நினைக்கிறேன், ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை. படம் கீழே.

பழங்காகிதம்

படம் சின்னதாக இருக்கிறது. இரண்டாவது எழுத்தின் மேல் என்ன இருக்கிறது, கவனமாகப் பாருங்கள். பௌவர் என்றால் இரண்டாவதன் மேல் ஒன்றும் இருக்காது, மூன்றாவதன் மேல் கொக்கி வரும். இரண்டாவதன் மேல் இரண்டு புள்ளியோ இரண்டு கீறலோ இருந்து, நடுவில் ஒரு எழுத்து மேலே எழும்பி இடது பக்கம் வளைந்தால் அது வேறு சொல்.

மில்வாக்கி மருமகள்

இரண்டாவதன் மேல் இரண்டு கீறல். கொக்கி எங்கேயும் இல்லை. நடுவில் ஒன்று எழும்பி வளைகிறது.

பழங்காகிதம்

அப்படியானால் பூட்னர். பெரிய நிலம் இல்லாதவர், ஆனால் கூலிக்காரரும் இல்லை. சொந்தமாக ஒரு சின்ன வீடு, வீட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம், மற்றபடி வெளியே வேலை. அந்த நிலம் ஒரு மகனுக்கே காணாது, அடுத்த மகன்கள் என்ன செய்வார்கள்? அண்ணன் தம்பி எத்தனை பேர் என்று மாஸோ ஏடுகளில் பாருங்கள்.

மில்வாக்கி மருமகள்

பார்க்கிறேன் அண்ணா. அத்தைக்கு இப்போதே தொலைபேசியில் சொன்னேன். வீடு எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியுமா என்கிறார். மாஸோ சுற்றுவட்டாரத்துக்கு அந்தக் காலத்து 1:25,000 வரைபடம், வீடு வீடாகப் புள்ளி தெரிகிற அளவுக்கு, நல்ல தெளிவில் எங்கே கிடைக்கும்?